அண்ணனைத் தேடிப் போன தீவுகள்

நான் போய்வந்த ஊர்களின் பெயரைச் சொன்னால் ஸ்டாஃப் ரூமில் எல்லோருக்கும் பொறாமை. "உங்களுக்கென்ன டீச்சர், பிள்ளையா குட்டியா, லீவு விட்டா கிளம்பிடுறீங்க," என்பார்கள். லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறந்ததும் முதல் கேள்வியே "இந்தத் தடவை எந்தத் தீவு?" என்பதுதான். போட்டோ காட்டச் சொல்வார்கள். என் போனில் கடல் இருக்காது. ஒரு டீக்கடை, ஒரு படகுத்துறை, பஞ்சாயத்து ஆபீஸ் வாசல், யாரோ ஒருவருடைய முதுகு என்று நாலைந்து படங்கள் இருக்கும். "இதுக்கா அவ்வளவு தூரம் போனீங்க?" என்று போனைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். நானும் சிரித்து வைப்பேன்.

நான் ஊர் சுற்றப் போகவில்லை. காணாமல் போன என் அண்ணனைத் தேடிப் போனேன். காட்டூரில் இந்தப் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராகச் சேர்ந்தது அவர் காணாமல் போன பிறகுதான் என்பதால் இங்கே யாருக்கும் அது தெரியாது. சொல்லவும் தோன்றவில்லை. சொன்னால் முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொண்டு கையைப் பிடிப்பார்கள். பொறாமையே தேவலை.

அண்ணன் திருச்சி மன்னார்புரத்தில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருந்தார். எரிந்துபோன மோட்டாரைப் பிரித்து, புதுச் செம்புக் கம்பி சுற்றி, மறுபடி ஓட வைக்கிற வேலை. வீடு ஸ்ரீரங்கத்தில், அம்மா மண்டபம் ரோட்டிலிருந்து பிரியும் சந்தில். அப்பாவும் அம்மாவும் போன பிறகு என்னைப் படிக்க வைத்தது அவர்தான். ஒருநாள் காலை இட்லி சாப்பிட்டார், வண்டியை எடுத்தார், "போயிட்டு வரேன்" என்றார். வண்டி கடை வாசலில் நின்றது. கடை பூட்டியிருந்தது. அவரைக் காணவில்லை. சண்டை கிடையாது, கடன் கிடையாது, சீக்கு கிடையாது. போலீசில் எழுதிக் கொடுத்தோம். ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகப் போய்ப் பார்த்தோம். அவர் மகள் அப்போது நாலாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள்.

கடைசியில் ஜோசியரிடம் போனோம். அவர் கட்டத்தைப் பார்த்துவிட்டு, "உயிரோடதான் இருக்காரு, சுத்தி தண்ணி இருக்கிற இடம்" என்றார். பெரியப்பா உடனே "அப்படின்னா ஏதோ தீவுதான்" என்று சொல்லிவிட்டார். ஸ்ரீரங்கத்துக்கு இந்தப் பக்கம் காவிரி, அந்தப் பக்கம் கொள்ளிடம். சுற்றித் தண்ணீர் இருக்கிற இடம் என்றால் அது நாம் உட்கார்ந்திருக்கிற இதே ஊர்தான் என்று அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை. ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் பாலத்தைத் தாண்டிப் போய்வருகிறவர்களுக்குத் தீவு என்றால் அது வேறு எங்கேயோதான் இருக்க வேண்டும். எனக்குமே அது தோன்றியது பல வருடங்கள் கழித்துத்தான். தோன்றியபோது சிரிப்புக்கூட வரவில்லை.

அண்ணன் காணாமல் போன அந்த வருடம் நான் அப்போது பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டேன். நாள் முழுக்க ஜன்னலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பேன் என்று அண்ணி சொல்வார். எனக்கு அது சரியாக நினைவில்லை. பல்லுக்கு ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டால் அடுத்தவர் கன்னத்தைத் தொடுவது போல இருக்குமே, எனக்கு உடம்பு முழுக்க அப்படி இருந்தது. சாப்பாடு வைத்தால் சாப்பிடுவதில்லை, வைக்காவிட்டால் கேட்பதில்லை. பிறகு அது சரியாகிவிட்டது என்று எல்லோரும் சொன்னார்கள். சரியாகவில்லை, பழகிவிட்டது.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் காணாமல் போய்ப் பன்னிரண்டு வருடம் தகவலே இல்லை என்றால், அவர் இறந்துவிட்டதாக வைத்துக்கொண்டு, தர்ப்பைப் புல்லில் ஓர் உருவம் கட்டி, அதற்குக் கொள்ளி வைத்து, மற்ற காரியங்களையும் செய்து முடித்துவிட வேண்டும். ஆனால் அவரை எங்கேயோ பார்த்ததாக ஒரு சேதி வந்துவிட்டால், அது பொய்யென்று தெரிகிறவரை எந்த ஐயரும் தர்ப்பையைத் தொட மாட்டார். உயிரோடு இருக்கிறவனுக்குக் கொள்ளி வைத்த பாவத்தை யார் தலையில் சுமப்பது? யாராவது நேரில் போய்ப் பார்த்து, அவரில்லை என்று வந்து சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் அந்த யாராவது நான்தான்.

இதில் நடுவில் மாட்டிக்கொண்டவர் அண்ணி. பொட்டும் பூவும் தாலியும் இருந்தன, புருஷன் இல்லை. நவராத்திரிக்குக் கொலு பார்க்கப் போனால் குங்குமச் சிமிழை நீட்டுகிற கை அவர் முன்னால் வந்ததும் கொஞ்சம் தயங்கும். கொடுப்பதா, கூடாதா? அண்ணி அந்தத் தயக்கத்தை எதிரில் இருப்பவருக்கு வைக்கவே மாட்டார். "இருக்கட்டுங்க, வீட்டிலேயே வச்சுக்கிட்டு வந்துட்டேன்," என்று முந்திக்கொள்வார். வருடா வருடம் இதைப் பார்த்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். அண்ணன் கிடைத்தால் அண்ணி நிமிர்ந்து உட்காரலாம், அதற்காகத்தான் நான் போகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன்.

முதல் சேதி பழவேற்காட்டு ஏரிக்குள் இருக்கிற ஒரு தீவிலிருந்து வந்தது. அண்ணனுடைய கடைக்கு வந்துபோகும் ஒருவர் வீட்டுக்கே வந்து சொல்லிவிட்டுப் போனார். நாற்காலியிலிருந்து என்னை எழுப்பியது அந்தச் சேதிதான். ஆந்திரா எல்லை, ஆனால் பேசுவது தமிழ். இறால் ஏற்றிப்போகும் படகில் காலை மடக்கி உட்கார்ந்து போனேன். கையில் போட்டோ. தீவில் எல்லோரும் கேட்ட கேள்வி "வீட்டுக்காரரா?" என்பதுதான். அண்ணன் என்றால் போட்டோவை அரைகுறையாகப் பார்த்துவிட்டுத் தலையாட்டுவார்கள். இரண்டு மூன்று பேருக்குப் பிறகு "ஆமா" என்று சொல்ல ஆரம்பித்தேன். உடனே உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, நாலு பேரைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். புருஷனைத் தேடுகிறவளுக்குக் கிடைக்கிற மரியாதை அண்ணனைத் தேடுகிறவளுக்குக் கிடைப்பதில்லை. அவர்கள் காட்டிய ஆள் எண்ணூர்க்காரர், அண்ணனைவிட ஒரு சாண் உயரம்.

வீட்டுக்கு வந்தால் அண்ணி வாசலில் எதுவும் கேட்கவில்லை. குளிக்கச் சொன்னார். சுடச்சுட ரசம் சோறு போட்டார். மோர் ஊற்றும்போதுதான் "இல்லையா?" என்றார். "இல்லை அண்ணி." சரி என்று மோரை ஊற்றினார். அன்றைக்கு நான் வயிறு நிறையச் சாப்பிட்டேன். படுத்தவள் மறுநாள் மதியம்தான் எழுந்தேன். பிறகு ஒவ்வொரு தடவையும் இதேதான். ரசம், மோர், இல்லையா, இல்லை, தூக்கம். நான் போன எந்தத் தீவையும்விட எனக்குப் பிடித்தது அந்தத் தூக்கம்தான்.

அடுத்த மாதமே காட்டூரில் இந்த வேலைக்குச் சேர்ந்தேன். அதன்பிறகு சேதிகள் எல்லாம் அண்ணி வழியாகத்தான் வந்தன. நான் பள்ளிக்கூடத்தில் இருக்கும்போது யாரோ அண்ணியிடம் சொல்லியிருப்பார்கள். "மார்க்கெட்ல ஒரு அம்மாவைப் பார்த்தேன், அவங்க தம்பி அந்தமான்ல வேலை பார்க்கிறாராம், நம்ம ஆளை மாதிரியே ஒருத்தர்..." என்று தயங்கித் தயங்கிச் சொல்வார். காணாமல் போனவர்கள் ஏன் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் யார் கண்ணிலும் படுவதில்லை என்று எனக்கு எரிச்சலாக வரும். பஸ்ஸும் ரயிலும் போகாத ஊராகப் பார்த்துத்தான் நிற்பார்கள் போலிருக்கிறது. எரிச்சல்படுவேனே தவிர, பையை எடுத்துவிடுவேன்.

லிட்டில் அந்தமானுக்குச் சென்னையிலிருந்து கப்பலில் போனேன். போர்ட் பிளேர் வரையிலும் வாந்தி. அங்கிருந்து இன்னொரு கப்பல். அந்தத் தீவில் பல ஊர்களைப் பெயர் சொல்லிக் கேட்டால் எல்லோரும் விழிப்பார்கள், கப்பல்துறையிலிருந்து எத்தனை கிலோமீட்டர் என்று சொன்னால்தான் புரியும். திருச்சிப் பக்கத்து ஆள் யாராவது உண்டா என்று விசாரித்ததில், பதினாலாவது கிலோமீட்டரில் டிபன் கடை வைத்திருந்த ஒருவரைக் காட்டினார்கள். திருச்சிக்காரர் என்றுதான் அங்கே அவருக்குப் பேர். நிஜத்தில் மணப்பாறை. திருச்சியிலிருந்து வந்திருக்கிறேன் என்றதும் மனுஷனுக்குக் கை கால் ஓடவில்லை. "காவிரில தண்ணி வருதுங்களா? மணப்பாறைப் பக்கம் ரோடு போட்டுட்டாங்களா?" என்று கேட்டுக்கொண்டே தோசையாகச் சுட்டுத் தள்ளினார். எதற்காக வந்தேன் என்று சொன்னதும் அடுப்பை அணைத்தார். "நான் அவரா இருந்திருக்கலாம்ங்க," என்றார். நான் தோசையைச் சாப்பிட்டு முடித்தேன்.

கடைக்குப் பின்னால்தான் கடல். அவ்வளவு தூரம் வந்துவிட்டீர்கள், பார்த்துவிட்டுப் போங்கள் என்று அவர்தான் அனுப்பிவைத்தார். வெள்ளை ரவை போல மணல். தண்ணீர் பச்சையாக இருந்து, தள்ளிப்போகப்போக நீலமானது. கரை முழுக்க ஓர் ஆள் இல்லை. அது அழகாக இருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது. தெரிந்தது, அவ்வளவுதான். பத்து நிமிடம் நின்றால் மரியாதையாக இருக்கும் என்று நின்றுவிட்டுத் திரும்பினேன். காலில் ஒட்டிய மணலைத் தட்டும்போது, இதே மணலில் அண்ணன் கால் வைத்திருக்கமாட்டாரா என்று நினைத்துப் பார்த்தேன். அழுகை வரும் என்று காத்திருந்தேன். பஸ்தான் வந்தது.

மஜுலிக்குப் போனது ஒரு மே மாதம். அஸ்ஸாமில் பிரம்மபுத்திராவுக்கு நடுவில் இருக்கிற தீவு அது. அங்கே ஒரு மடத்தில் தமிழ்நாட்டுச் சமையல்காரர் ஒருவர் இருப்பதாகச் சேதி. படகில் மனிதர்கள், ஆடுகள், மோட்டார் சைக்கிள்கள் எல்லாம் ஒன்றாக ஏற்றினார்கள். வருடா வருடம் வெள்ளம் கரையை அரித்துக்கொண்டே போகிறதாம். பக்கத்தில் இருந்த பெண் போன வருடம் தன் வீடு இருந்த இடம் என்று தண்ணீரைக் கைகாட்டினாள். இந்தியில் சொன்னாளா, அவர்கள் பாஷையில் சொன்னாளா என்று தெரியவில்லை, ஆனால் புரிந்தது. அவளும் அழவில்லை. எனக்கு அவளைப் பிடித்திருந்தது. மடம் மடமாக ஏறி இறங்கினேன். தமிழ்ச் சமையல்காரர் என்று அங்கே யாருமே இல்லை. அப்படி ஓர் ஆள் இருந்ததாகக் கேள்விப்பட்டவர்கூட இல்லை. அது எனக்கு வித்தியாசமாகப் படவில்லை.

பன்னிரண்டு வருடம் முடிந்தது. அண்ணன் மகள் காலேஜ் முடித்து வேலைக்கும் போக ஆரம்பித்துவிட்டாள். நல்ல இடமாக ஒரு வரன் அமைந்தது. பையன் வீட்டார் மரியாதையானவர்கள். சுற்றி வளைத்துக் கேட்டார்கள். "பத்திரிகையில பொண்ணோட அப்பா பேரை எப்படிப் போடறதுன்னு சொல்லிட்டீங்கன்னா நல்லாயிருக்கும்." கேட்டதில் தப்பில்லை. அப்பா இருக்கிறார் என்று போட்டால் மேடையில் அவர் எங்கே? இல்லை என்று போட்டால் அண்ணி நெற்றியில் ஏன் குங்குமம்? பெரியப்பா வீட்டுக்கு வந்தார். "இனிமே தள்ளிப்போட முடியாதும்மா. காரியத்தைப் பண்ணிட்டு, ஒரு வருஷம் கழிச்சுக் கல்யாணத்தை வச்சுக்கலாம். அவங்க காத்திருக்கத் தயாரா இருக்காங்க," என்று நாள் குறித்தார்.

அன்றிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வகுப்பில் ஒரு கணக்கைப் பாதியில் விட்டுவிட்டுப் பலகையைப் பார்த்தபடி நின்றிருக்கிறேன். பிள்ளைகள் பெஞ்சைத் தட்டிய பிறகுதான் திரும்பினேன். அந்த வாரமே அண்ணி பச்சைமலைச் சேதியைச் சொன்னார். மலைமேல் ஒரு கிராமத்தில் மோட்டார் ரிப்பேர் பார்க்கிற ஆள் ஒருவர் இருக்கிறார், வெளியூர்க்காரர், அதிகம் பேச மாட்டார். பெரியப்பா தலையில் அடித்துக்கொண்டு நாளைத் தள்ளிவைத்தார்.

துறையூர் போய், மலைக்குப் போகிற பஸ்ஸைப் பிடித்தேன். அந்த பஸ்ஸை விட்டால் சாயங்காலம்தான் அடுத்தது. வழியெல்லாம் மரவள்ளிக் காடு. இறங்கி, விசாரித்து நடந்தேன். ஒரு வீட்டு வாசலில் வேப்பமரத்தடியில் ஓர் ஆள் குனிந்து உட்கார்ந்து மோட்டாருக்குக் கம்பி சுற்றிக்கொண்டிருந்தார். முதுகு தெரிந்தது. அதே போலக் காலை அகட்டி, அதே போலத் தலையைச் சாய்த்து. நான் கூப்பிடவில்லை. தள்ளி ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டேன். இத்தனை வருடமாக எந்தக் கடலுக்கும் எந்த ஆற்றுக்கும் நடுவில் பார்க்காததை வீட்டிலிருந்து அரை நாள் தூரத்தில் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் திரும்பாதவரை அவர் அண்ணன்தான். போனை எடுத்து ஒரு படம் எடுத்தேன். பிறகு அவர் தண்ணீர் குடிக்கத் திரும்பினார். வேறு முகம். "யாரு வேணுங்க?" என்று கேட்டார். மோட்டார் ரிப்பேர் பார்ப்பீர்களா என்று கேட்க வந்தேன் என்று ஏதோ உளறினேன். அவர் மனைவி அவித்த மரவள்ளிக்கிழங்கு கொடுத்தார். உப்புப் போட்டிருந்ததா இல்லையா என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

"இல்லையா?" என்று அண்ணி மோர் ஊற்றும்போது கேட்டார். "இல்லை அண்ணி." இந்தத் தடவை எனக்குத் தூக்கம் வரவில்லை. அண்ணியும் தூங்கவில்லை. மறுநாள் காலை பெரியப்பாவுக்கு அவரே போன் செய்து நாள் பார்க்கச் சொன்னார்.

காவிரிக் கரையில், கூட்டம் இல்லாத ஒரு படித்துறையில் ஏற்பாடு. பெரியப்பா மகன்தான் கொள்ளி வைக்க வேண்டும். வெற்று உடம்போடு ஈர வேட்டியில் உட்கார்ந்திருந்தான். தர்ப்பையில் கட்டிய உருவம் வாழையிலை மேல் கிடந்தது. அதற்குத் தலை இருந்தது, கை கால் இருந்தது. அண்ணி தன் மகளோடு மேல்படியில் நின்றார். அன்றைக்குத்தான் கடைசி என்று நெற்றி நிறையக் குங்குமமும் தலை நிறையப் பூவும் வைத்துவிட்டிருந்தார்கள். நான் அதைப் பார்க்காமல் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஐயர் சுற்றிலும் பார்த்து, வழக்கமான கேள்வியைக் கேட்டார். "இத்தனை வருஷத்துல அவரைப் பத்தின தகவல் ஒண்ணும் இல்லையே? யாரும் பார்த்ததா சொல்லலையே?"

"சொன்னாங்க."

அது என் குரல். எனக்கே அது காதில் விழுந்த பிறகுதான் தெரிந்தது. எல்லோரும் திரும்பினார்கள்.

"போன வாரம் ஒருத்தர் சொன்னாரு. லட்சத்தீவுல பார்த்தாராம்."

ஐயர் கையிலிருந்த தர்ப்பையைக் கீழே வைத்துவிட்டார். "சேதி இருக்குன்னா நான் செய்யப்படாதும்மா. விசாரிச்சுண்டு வாங்கோ."

பெரியப்பா கத்தினார். "இதை இங்க வந்துதான் சொல்லணுமா? நேத்து வாயில என்ன வச்சிருந்தே?"

எனக்கு மனசுக்குள் கொச்சிக்கு ரயில், அங்கிருந்து கப்பல், அதற்கு பெர்மிட் வாங்க வேண்டும் என்று ஓடிக்கொண்டிருந்தது. எல்லாவற்றுக்கும் எப்படியும் இரண்டு மாதம் ஆகும். அந்த இரண்டு மாதத்தை நினைத்ததும் மூச்சு சீராக வந்தது.

அண்ணி படியிறங்கி வந்து என் மணிக்கட்டைப் பிடித்துத் தள்ளிக் கூட்டிக்கொண்டு போனார். ஆற்றில் தண்ணீர் குறைவாக ஓடியது.

"லட்சத்தீவு நான் சொல்லாத ஊராச்சே," என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"ஏரித் தீவுக்குத்தான் நிஜமா ஒருத்தர் வந்து சொன்னாரு. அப்புறம் அந்தமான், அஸ்ஸாம், பச்சைமலை எல்லாம் நான் சொன்னதும்மா. பச்சைமலையில மோட்டார் பார்க்கிற ஆள் ஒருத்தர் இருக்காருன்னு கேள்விப்பட்டேன், அவ்வளவுதான். யாரும் உங்க அண்ணனைப் பார்க்கலை."

"ஏன் அண்ணி?"

"முதல்ல எனக்காகத்தான். பொய்யா இருந்தாலும் ஒரு ஊர் பேரு வேணும்னு இருந்துச்சு. அப்புறம் உனக்காக. அந்த ஏரிக்குப் போயிட்டு வந்த அன்னைக்குத்தான் நீ மறுபடி சோறு தின்னே, வேலைக்குப் போனே. காரியம்னு பேச்சு எடுத்தாலே நீ ஜன்னல்கிட்ட போயிடுவே. அதான் டிவியில எந்தத் தீவு காட்டினாலும் பேரை ஞாபகம் வச்சுக்குவேன். தூரமா இருந்தா நாள் ஆகும்ல."

எனக்குக் கோபம் வந்தது. கப்பலில் வாந்தியெடுத்தபடி கிடந்ததும், அந்த ஆட்டுப் படகும், மணப்பாறைக்காரர் அணைத்த அடுப்பும் கண்முன் வந்தன. அத்தனை ஊரிலும் இல்லாத ஆளை இருக்கிறார் என்று சொல்லித் திரிந்திருக்கிறேன். "நான் உங்களுக்காகன்னு நினைச்சுப் போனேன் அண்ணி," என்றேன். "கொலுவுக்குப் போய் நீங்க உட்கார்ந்திருக்கிறதைப் பார்க்க முடியாமத்தான் போனேன்."

"தெரியும்." அவர் என் கையை இன்னும் விடவில்லை. "அது எப்படி இருக்கும்னு உனக்குத் தெரியாதும்மா. குங்குமத்தை நீட்டுற ஒவ்வொரு கையையும் பார்க்கணும். இவ்வளவு வருஷம் பார்த்துட்டேன். இனிமே என்னால முடியலை. தாலி இருக்கோ இல்லையோ, ஏதாவது ஒண்ணா இருந்துட்டுப் போறேன். என்னை விட்டுடு."

இத்தனை வருடம் அண்ணியை நடுவில் நிறுத்திவைத்தது அண்ணன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு அழுகை வந்தது. சத்தமாக, மூக்கு ஒழுக, படித்துறையில் நிற்கிறவர்கள் பார்க்க அழுதேன். அண்ணன் செத்துப்போனது அப்போதுதான் எனக்கு வலித்தது. உடம்பில் எங்கெல்லாமோ வலித்தது. அண்ணி முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டார். அவர் அழவில்லை.

பிறகு இரண்டு பேரும் திரும்பி நடந்தோம். ஐயர் பையை மூடிக்கொண்டிருந்தார். பெரியப்பா யாருக்கோ போன் பண்ணிக்கொண்டிருந்தார். நான் ஐயர் முன்னால் போய் நின்றேன்.

"யாரும் பார்க்கலைங்க," என்றேன். "நீங்க ஆரம்பிங்க."